போஸ்ட்கிரெஸ் சர்வரில் அனுமதிப் பிழைகளும் பூட்டுச் சிக்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஸ்ட்கிரெஸ் (போஸ்ட்கிரெஸ்க்யூஎல்) என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பி ஓடும் கணக்கு, இருப்பு, சம்பள மென்பொருள்களில் வேலையை முடக்கும் பிழைகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்று, "பெர்மிஷன் டினைட்" என்று நேராகச் சொல்லிவிடும். மற்றது எதுவும் சொல்லாது. திரை சுழன்றுகொண்டே நிற்கும். முதலாவதற்கு எல்லா அனுமதிச் சோதனைகளையும் தாண்டும் சூப்பர்யூசர் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவதும், இரண்டாவதற்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்வதும் பல அலுவலகங்களில் பழகிப்போன வைத்தியம். அப்படிச் செய்தால் பிழை மறையும், காரணம் அப்படியே இருக்கும். இந்தப் பக்கம் காரணத்தைப் பிடிப்பதற்கானது.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழில் எழுதினால் "லாக்" என்பது இரண்டு பொருள் தரும் என்பதால், இங்கே பதிவேட்டை "லாக் ஃபைல்" என்றும், ஒருவர் வேலை முடியும்வரை மற்றவரைக் காக்கவைக்கும் தடையைப் "பூட்டு" என்றும் சொல்கிறோம். உதாரணங்களில் மூன்று ரோல்கள் (அனுமதிகள் தரப்படும் பயனர் பெயர்கள்) வரும்: டேபிள்களுக்குச் சொந்தக்காரரான பில்லிங்_ஓனர், செயலி உள்நுழையும் பில்லிங்_ஆப், அறிக்கை எடுக்கும் பில்லிங்_ரிப்போர்ட். டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவான ஸ்கீமாவின் பெயர் விற்பனை.

"பெர்மிஷன் டினைட்" வந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பிழை வாசகத்தில் "ஃபார்" என்ற சொல்லுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். டேட்டாபேஸ், ஸ்கீமா, டேபிள், சீக்வென்ஸ், ஃபங்ஷன் என்று எந்தக் கதவில் நிறுத்தப்பட்டீர்கள் என்பது அங்கேயே எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் பிழை எண் 42501தான். அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

ஒரு டேபிளைப் படிக்க மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். டேட்டாபேஸுக்கு கனெக்ட், ஸ்கீமாவுக்கு யூசேஜ், டேபிளுக்கு செலக்ட். முதல் கதவு இயல்பாகவே எல்லோருக்கும் திறந்திருக்கும். நடுக்கதவைத்தான் பலர் மறக்கிறார்கள்: டேபிளுக்கு எல்லா அனுமதியும் தந்துவிட்டு, அது இருக்கும் ஸ்கீமாவுக்கு யூசேஜ் தராமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்து, செயலி உண்மையில் எந்த ரோலில் நுழைகிறது என்பதை உறுதி செய்யுங்கள். உங்கள் கணினியில் நீங்கள் சோதிப்பது வேறு ரோலாக இருக்கலாம். செயலியின் அதே இணைப்பில் "செலக்ட் கரண்ட்_யூசர், செஷன்_யூசர்" ஓட்டிப் பாருங்கள். பிறகு ஹேஸ்_டேபிள்_பிரிவிலேஜ் என்ற ஃபங்ஷனுக்கு ரோல், டேபிள், அனுமதி மூன்றையும் கொடுத்தால் ஆம், இல்லை என்று நேரடிப் பதில் வரும். ஸ்கீமாவுக்கு ஹேஸ்_ஸ்கீமா_பிரிவிலேஜ்.

பிஎஸ்க்யூஎல் திரையில் பின்சாய்கோடு டிபி என்று தட்டினால் ஒவ்வொரு டேபிளுக்கும் அனுமதிப் பட்டியல் வரும். "பில்லிங்_ஆப்" என்ற பெயருக்குப் பின் சமக்குறி, அதன்பின் ஒற்றை எழுத்துகள், ஒரு சாய்கோடு, பிறகு அனுமதி கொடுத்தவர் பெயர். ஆர் என்றால் படிக்கலாம், ஏ என்றால் சேர்க்கலாம், டபிள்யூ என்றால் திருத்தலாம், சிறிய டி என்றால் நீக்கலாம், பெரிய டி என்றால் டிரங்கேட் செய்யலாம். சமக்குறிக்கு முன் பெயரே இல்லாவிட்டால் அது பப்ளிக், அதாவது எல்லோருக்கும். அந்தக் கட்டம் முழுதும் காலியாக இருந்தால் அனுமதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இயல்பு அனுமதிகள் இன்னும் மாற்றப்படவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: 28பி01 என்றால் கடவுச்சொல் தவறு. 28000 என்றால் பெரும்பாலும், யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் உங்கள் முகவரிக்குப் பொருந்தும் வரி இல்லை. இவை உள்நுழைவுப் பிழைகள். அனுமதி தரும் கிராண்ட் கட்டளையால் தீராது. அந்தக் கோப்பில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே செல்லும். அந்த வரியில் கடவுச்சொல் தோற்றால் அடுத்த வரியைச் சர்வர் முயலாது. திருத்திய பின் ரீலோடு செய்தால் போதும். பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவில் (குவெரியின் விடையை டேபிள் போலக் காட்டுவது வியூ) எந்த வரியில் எழுத்துப் பிழை என்பதும் தெரியும்.

எல்லா டேபிள்களுக்கும் கிராண்ட் கொடுத்தோம். அடுத்த வாரம் சேர்த்த புது டேபிளில் மறுபடி பிழை. ஏன்?

"கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா" என்பது அந்த நொடியில் இருக்கும் டேபிள்களுக்கு மட்டும். நாளை பிறக்கும் டேபிளுக்கு அது பொருந்தாது. அதற்குத் தனிக் கட்டளை:

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் ஃபார் ரோல் பில்லிங்_ஓனர் இன் ஸ்கீமா விற்பனை கிராண்ட் செலக்ட், இன்செர்ட், அப்டேட் ஆன் டேபிள்ஸ் டு பில்லிங்_ஆப்

இதில் "ஃபார் ரோல்" என்ற துண்டுதான் உயிர்நாடி. பில்லிங்_ஓனர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே இந்த விதி. அந்தத் துண்டை விட்டுவிட்டால், கட்டளையை ஓட்டியவர் உருவாக்கும் டேபிள்களுக்கு என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். நிர்வாகி தன் ரோலில் இதை ஓட்டிவிட்டு, டேபிளை வேறொரு டிப்ளாய்மென்ட் ரோல் உருவாக்கினால், விதி இருந்தும் வேலை செய்யாது. "போட்டுவிட்டோமே, ஏன் நடக்கவில்லை" என்று குழம்பும் இடம் இதுதான். பின்சாய்கோடு டிடிபி தட்டினால் யார் உருவாக்குவதற்கு யாருக்கு அனுமதி என்று முழுப் பட்டியலும் வரும்.

நிரந்தரத் தீர்வு ஒன்று: ஸ்கீமா மாற்றங்கள் எல்லாம் ஒரே ஓனர் ரோலில் நடக்கட்டும். ஆள் யாராக இருந்தாலும் முதலில் "செட் ரோல் பில்லிங்_ஓனர்", பிறகுதான் கிரியேட் டேபிள்.

பதிப்பு 15க்கு மாறியதும் "பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்" வருகிறது.

2022 அக்டோபரில் வந்த பதிப்பு 15இல், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய இயல்பு நீக்கப்பட்டது. புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கே இது. பிஜி_அப்கிரேடு மூலம் ஏற்றிய பழைய டேட்டாபேஸ் தன் பழைய அனுமதியையே வைத்துக்கொள்ளும். அதனால்தான் உற்பத்திச் சர்வரில் ஓடும் செயலி, புதிதாக நிறுவிய சோதனைச் சர்வரில் விழுகிறது.

பப்ளிக்கில் எல்லோருக்கும் கிரியேட் அனுமதியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. ஆனால் அது மூடப்பட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. உங்கள் ஃபங்ஷன் பெயரிலேயே இன்னொருவர் அங்கே ஒரு ஃபங்ஷனை வைத்து, உங்கள் அதிகாரத்தில் அதை ஓடவைக்க முடியும். செயலிக்கென்று தனி ஸ்கீமா உருவாக்கி, அதை ஓனர் ரோலுக்குச் சொந்தமாக்கி, சர்வர் பெயர்களைத் தேடும் ஸ்கீமா பட்டியலான சர்ச்_பாத்தில் சேர்ப்பதே சரி.

டேபிளுக்கு இன்செர்ட் அனுமதி இருக்கிறது. ஆனாலும் சீக்வென்ஸில் தடுக்கிறது.

அந்த டேபிளில் எண் தானாக ஏறும் நெடுவரிசை சீரியல் வகையாக இருக்கும். அடுத்த எண்ணை நெக்ஸ்ட்வால் ஃபங்ஷன் எடுக்க, எண்களைத் தரும் சீக்வென்ஸுக்குத் தனி அனுமதி வேண்டும்: கிராண்ட் யூசேஜ் ஆன் ஆல் சீக்வென்ஸஸ் இன் ஸ்கீமா விற்பனை டு பில்லிங்_ஆப். டிஃபால்ட் பிரிவிலேஜஸிலும் சீக்வென்ஸுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை.

டேபிள் கண்ணெதிரே இருக்கிறது. "ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்கிறதே?

42பி01 என்ற இந்தப் பிழை பல நேரம் வேடம் போட்டுவரும் அனுமதிப் பிழை. சர்ச்_பாத்தில் உள்ள ஒரு ஸ்கீமாவுக்கு யூசேஜ் இல்லையென்றால் சர்வர் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். தேடிய இடத்தில் டேபிள் இல்லை, ஆகவே இல்லை என்கிறது. ஸ்கீமா பெயரையும் சேர்த்து விற்பனை.இன்வாய்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். இப்போது "பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா" வந்தால் காரணம் வெளியே வந்துவிட்டது. அப்போதும் இல்லை என்றே சொன்னால், டேபிள் பெயரில் பெரிய எழுத்து கலந்திருக்கிறதா, இணைந்திருப்பது சரியான டேட்டாபேஸா என்று பாருங்கள்.

பிழையே வரவில்லை. ஆனால் அறிக்கையில் ஒரு பதிவும் இல்லை.

யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் ரோ லெவல் செக்யூரிட்டி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கிவிட்டு பாலிசி எதுவும் எழுதாவிட்டால், எல்லாப் பதிவுகளும் மறைக்கப்படும்; பிழை வராது. டேபிளின் சொந்தக்காரருக்கும் சூப்பர்யூசருக்கும் எல்லாம் தெரியும் என்பதால் நிர்வாகி பார்க்கும்போது சரியாக இருக்கும், பில்லிங்_ரிப்போர்ட்டுக்கு வெறுமையாக இருக்கும். ஓனரையும் கட்டுப்படுத்த "ஃபோர்ஸ் ரோ லெவல் செக்யூரிட்டி" என்று தனியாகச் சொல்ல வேண்டும். சோதனையை எப்போதும் "செட் ரோல் பில்லிங்_ரிப்போர்ட்" போட்டுச் செய்யுங்கள்.

வியூ வழியாகப் படித்தால் இன்னொரு திருப்பம். வியூ இயல்பாகத் தன் சொந்தக்காரரின் அனுமதியில் அடியிலுள்ள டேபிளைப் படிக்கும். மறைக்க வேண்டியது வியூ வழியே கசியலாம். பதிப்பு 15 முதல் செக்யூரிட்டி_இன்வோக்கர் என்ற விருப்பத்தை இயக்கினால், படிப்பவரின் அனுமதியே சோதிக்கப்படும்.

"மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்" என்பதற்கு எந்த கிராண்ட் கொடுக்க வேண்டும்?

எதுவும் கிடையாது. ஆல்டர் டேபிள், டிராப் டேபிள் ஆகியவை சொந்தக்காரருக்கு உரியவை. கிராண்ட் மூலம் தரமுடியாது. மாற்ற வேண்டியவரை ஓனர் ரோலின் உறுப்பினராக்குங்கள்: கிராண்ட் பில்லிங்_ஓனர் டு அந்த ஆள். வேலையை விட்டுப்போனவரின் பெயரில் டேபிள்கள் தங்கிவிட்டால் "ரீஅசைன் ஓன்ட் பை பழையவர் டு பில்லிங்_ஓனர்", பிறகு "டிராப் ஓன்ட் பை பழையவர்", கடைசியாக "டிராப் ரோல்". முதல் இரண்டையும் அவருக்குப் பொருள் இருக்கும் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஓட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும், சார்ந்த பொருள்கள் இன்னும் இருக்கின்றன என்ற 2பிபி01 வந்து நிற்கும்.

அனுமதி உள்ளவரே இன்செர்ட் செய்கிறார். பிழையின் அடியில் "செலக்ட் 1 ஃப்ரம் ஒன்லி ... ஃபார் கீ ஷேர்" என்று நாம் எழுதாத குவெரி தெரிகிறது.

அது ஃபாரின் கீ சோதனை. சேர்க்கும் பதிவுக்குத் தாய்ப் பதிவு இருக்கிறதா என்று சர்வர் தானே ஓட்டும் குவெரி. அதை உங்கள் அதிகாரத்தில் ஓட்டாது. தாய் டேபிளின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓட்டும். டேபிளின் உரிமையை வேறொரு ரோலுக்கு மாற்றிவிட்டு, அந்த ரோலுக்கு ஸ்கீமாவில் யூசேஜ் தர மறந்திருப்பார்கள். பில்லிங்_ஆப்புக்கு எத்தனை கிராண்ட் கொடுத்தாலும் தீராது, சொந்தக்காரருக்குக் கொடுங்கள்.

ரிவோக் செய்தும் அவரால் இன்னும் படிக்க முடிகிறது.

அனுமதியைத் திரும்பப் பெறும் ரிவோக், நேரடியாகக் கொடுத்ததை மட்டும் எடுக்கும். பப்ளிக் வழியாகவோ, அவர் உறுப்பினராக இருக்கும் இன்னொரு ரோல் வழியாகவோ வந்த அனுமதி அப்படியே இருக்கும். பதிப்பு 14 முதல் உள்ள பிஜி_ரீட்_ஆல்_டேட்டா ரோலை அவருக்கு யாராவது கொடுத்திருந்தால் டேபிள் வாரியாக எத்தனை ரிவோக் போட்டாலும் பயன் இல்லை. போஸ்ட்கிரெஸில் எஸ்க்யூஎல் சர்வரின் டினை போன்ற தடைக் கட்டளை கிடையாது; வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கத்தான் வேண்டும்.

எல்லாத் திரைகளும் உறைந்துவிட்டன. யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலறுபவர் குற்றவாளி அல்ல. அவர் வரிசையில் நிற்பவர். வரிசையின் தலையைத் தேட வேண்டும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவிலிருந்து இவற்றை எடுங்கள்: பிஐடி (புராசஸ் எண்), யூஸ்நேம், அப்ளிகேஷன்_நேம், ஸ்டேட், எக்ஸாக்ட்_ஸ்டார்ட், வெயிட்_ஈவென்ட்_டைப், குவெரி. கூடவே பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் ஃபங்ஷனுக்குள் அந்த பிஐடியைக் கொடுங்கள். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எண்களின் பட்டியலாக வரும். 4190 என்பவர் 4182க்காகக் காத்திருக்கிறார், 4182 என்பவர் 3977க்காக, 3977 யாருக்காகவும் இல்லை. அப்படியானால் 3977தான் தலை.

தலையில் இருப்பவரின் குவெரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்டேட் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" என்றிருந்தால் (டிரான்சாக்ஷன், அதாவது பிகின் முதல் கமிட் வரையிலான வேலைத் தொகுப்பு, முடியாமல் திறந்தே நிற்கிறது), அங்கே தெரிவது அவர் கடைசியாக ஓட்டிய குவெரி. பூட்டை வாங்கிய அப்டேட் அதற்கு முன்னால் எப்போதோ ஓடியிருக்கும். ஒன்றுமறியாத ஒரு செலக்ட்தான் கண்ணுக்குத் தெரியும்.

குவெரி இருக்க வேண்டிய இடத்தில் "இன்சஃபிஷியன்ட் பிரிவிலேஜ்" என்று வந்தால், உங்கள் ரோலுக்குப் பிறர் குவெரியைப் பார்க்கும் அனுமதி இல்லை. இதற்காக சூப்பர்யூசர் கேட்கவேண்டியதில்லை. பிஜி_மானிட்டர் ரோல் போதும்.

வெறும் செலக்ட் ஒன்று எப்படி முழு மென்பொருளையும் நிறுத்த முடியும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பகல் நேர முடக்கங்களில் பெரும்பங்கு இதன் மேல்தான் நிற்கிறது.

போஸ்ட்கிரெஸில் டேபிள் அளவில் எட்டு வகைப் பூட்டுகள். செலக்ட் வாங்குவது மிக மென்மையான ஆக்சஸ் ஷேர். இன்செர்ட், அப்டேட், டெலீட் வாங்குவது ரோ எக்ஸ்குளூசிவ். இவை ஒன்றோடொன்று மோதாது. ஆல்டர் டேபிளின் பெரும்பாலான வடிவங்கள், டிரங்கேட், டிராப், வேக்கியூம் ஃபுல் ஆகியவை ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் வாங்கும். அது செலக்ட் உட்பட எல்லாவற்றோடும் மோதும்.

இப்போது இன்வாய்ஸ் டேபிளில் நடப்பதைப் பாருங்கள். காலை 10:02க்கு பில்லிங்_ரிப்போர்ட் ஓர் ஆண்டு விற்பனையைக் கூட்டும் செலக்டைத் தொடங்குகிறது. இருபது நிமிடம் ஓடும். யாருக்கும் தொந்தரவில்லை, பில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 10:05க்கு ஒருவர் புது நெடுவரிசை சேர்க்க ஆல்டர் டேபிள் தட்டுகிறார். அந்த வேலைக்கு சில மில்லி நொடிகள் போதும். ஆனால் அறிக்கை ஆக்சஸ் ஷேரைப் பிடித்திருப்பதால் ஆல்டர் காத்திருக்கிறது. 10:05க்குப் பிறகு வரும் ஒவ்வொரு செலக்டும், ஒவ்வொரு இன்செர்ட்டும் காத்திருக்கும் ஆல்டரோடு மோதுவதால் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அறிக்கைக்கும் பில்லுக்கும் மோதலே இல்லை. இடையில் காத்திருக்கும் ஒருவர் இருவரையும் பிரித்துவிட்டார். 10:06க்குள் செயலியின் கனெக்ஷன் பூல், அதாவது பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புத் தொகுப்பு, நிரம்பி, இன்வாய்ஸ் டேபிளைத் தொடாத திரைகளும் நின்றுவிடுகின்றன.

இங்கே உடனடித் தீர்வு அறிக்கையைக் கொல்வதல்ல. ஆல்டரைக் கேன்சல் செய்யுங்கள். அடுத்த நொடி எல்லாம் நகரும், அறிக்கையும் முடியும்.

அப்படியானால் ஓடும் சர்வரில் டேபிளை எப்படி மாற்றுவது?

முதல் காப்பு லாக்_டைம்அவுட். இதன் இயல்பு மதிப்பு 0, அதாவது காலவரையின்றிக் காத்திருப்பது. மாற்றத்துக்கு முன் அந்த செஷனில் "செட் லாக்_டைம்அவுட் டு '2எஸ்'" போடுங்கள். இரண்டு நொடியில் பூட்டு கிடைக்காவிட்டால் 55பி03 கொடுத்து விலகிவிடும். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ஓனர் ரோலுக்கே "ஆல்டர் ரோல் பில்லிங்_ஓனர் செட் லாக்_டைம்அவுட்" என்று பதித்துவைக்கலாம், ஆனால் அந்த ரோலில் நேரடியாக உள்நுழைந்தால்தான் அது வரும். செட் ரோல் மூலம் மாறினால் வராது. சர்வர் முழுமைக்கும் பொதுவாக வைப்பது நல்லதல்ல, எல்லா செஷன்களையும் அது பாதிக்கும்.

இரண்டாவது, நீண்ட வேலையைப் பலமான பூட்டுக்குள் செய்யாதீர்கள். பதிப்பு 11 முதல், நிலையான இயல்பு மதிப்புடன் நெடுவரிசை சேர்த்தால் டேபிள் முழுதும் மறுபடி எழுதப்படாது. நாட் நல் வேண்டுமென்றால் முதலில் "நாட் வேலிட்" என்று செக் கன்ஸ்டிரெய்ன்ட் சேருங்கள். பிறகு தனி டிரான்சாக்ஷனில் வேலிடேட் செய்யுங்கள், இது படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது. கடைசியில் செட் நாட் நல். பதிப்பு 12 முதல் அந்தக் கன்ஸ்டிரெய்ன்ட்டை நம்பி, டேபிளை மறுபடி முழுதாகப் படிக்காமல் ஒப்புக்கொள்ளும்.

இண்டெக்ஸ் என்றால் "கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி". சாதாரண கிரியேட் இண்டெக்ஸ் எழுதுவதை முழுக்கத் தடுக்கும். கன்கரன்ட்லியை பிகின், கமிட் நடுவில் ஓட்ட முடியாது. பழைய டிரான்சாக்ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். நடுவில் அறுந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சமாகும். அது குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்செர்ட்டிலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். பிஜி_இண்டெக்ஸ் டேபிளில் இண்டிஸ்வேலிட் பொய்யாக இருப்பவற்றைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேன்சல், டெர்மினேட், கில் மைனஸ் 9 மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடும் குவெரியை மட்டும் நிறுத்தும். ஐடில் இன் டிரான்சாக்ஷனில் இருப்பவரிடம் ஓடும் குவெரியே இல்லை. அங்கே இது பலிக்காது. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இணைப்பையே துண்டிக்கும். டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும், அதாவது கைவிடப்படும்; பூட்டுகள் விடுபடும். ரோல்பேக் எவ்வளவு நேரம் ஆகுமோ என்ற பயம் வேண்டாம்: ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போலப் பழையதைத் திருப்பி எழுதும் வேலை போஸ்ட்கிரெஸில் இல்லை, எவ்வளவு பெரிய அப்டேட்டும் கணத்தில் கைவிடப்படும். மிச்சக் குப்பையை வேக்கியூம் பின்னால் அள்ளும்.

கில் மைனஸ் 9 ஒருபோதும் வேண்டாம். ஒரு புராசஸ் அப்படி இறந்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி சர்வர் எல்லா இணைப்புகளையும் அறுத்து மீட்பு ஓட்டத்தைத் தொடங்கிவிடும். ஒருவரை நிறுத்தப் போய் எல்லோரையும் நிறுத்தியதாகும்.

பிறர் செஷனைத் துண்டிக்க பிஜி_சிக்னல்_பேக்எண்ட் ரோல் போதும். சூப்பர்யூசரின் செஷனை மட்டும் இதனால் தொட முடியாது.

ஐடில் இன் டிரான்சாக்ஷன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

செயலி பிகின் போட்டுவிட்டு, கமிட்டுக்கு முன் வேறெதற்கோ காத்திருக்கிறது. பேமெண்ட் சேவையின் பதில், மின்னஞ்சல் அனுப்புதல், "உறுதியா?" என்று கேட்கும் உரையாடல் பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுப் பயனர் சாப்பிடப் போனால் பூட்டும் கூடவே உட்கார்ந்திருக்கும். வெளியுலக வேலைகளை டிரான்சாக்ஷனுக்கு வெளியே தள்ளுவதுதான் மருந்து. அதுவரை காப்பாக பில்லிங்_ஆப் ரோலுக்கு ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை 60 நொடி என்று வையுங்கள். மீறினால் 25பி03 கொடுத்து இணைப்பு அறுபடும். கனெக்ஷன் பூல் அறுந்த இணைப்பைக் கண்டு புதுப்பிக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

"டெட்லாக் டிடெக்டெட்" வந்தால் சர்வரில் எதை மாற்ற வேண்டும்?

சர்வரில் எதையும் மாற்ற வேண்டாம். இருவர் ஒருவருக்கொருவர் காத்திருப்பதை ஒரு நொடிக்குப் பின் சர்வர் கண்டுபிடித்து ஒருவரை விலக்கியிருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. திருத்தம் செயலியில்.

லாக் ஃபைலில் இப்படி இருக்கும்: புராசஸ் 4182 என்பது டிரான்சாக்ஷன் 90511க்காகக் காத்திருக்கிறது, தடுப்பது புராசஸ் 4190, புராசஸ் 4190 என்பது டிரான்சாக்ஷன் 90508க்காகக் காத்திருக்கிறது, தடுப்பது புராசஸ் 4182. அதன் கீழே இருவரின் குவெரியும். செயலிக்குத் திரும்பும் பிழையில் அந்தக் குவெரிகள் இருக்காது என்பதால் லாக் ஃபைலைத் திறந்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் கதை ஒன்றுதான். ஒரு பில்லில் சரக்கு எண் 17, பிறகு 42. இன்னொரு பில்லில் 42, பிறகு 17. இருவரும் இருப்பு டேபிளில் முதல் பதிவைப் பூட்டிவிட்டு அடுத்தவர் கையில் இருப்பதைக் கேட்கிறார்கள். பில்லில் எந்த வரிசையில் தட்டியிருந்தாலும், இருப்பைக் குறைக்கும் முன் சரக்கு எண்படி ஏறுவரிசையில் அடுக்குங்கள்.

அதோடு மறுமுயற்சியும் வேண்டும். 40பி01 (டெட்லாக்), 40001 (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்களின் மோதல்) இரண்டுக்கும் டிரான்சாக்ஷனை பிகினிலிருந்து முழுதாக மறுபடி ஓட்டுங்கள். விழுந்த குவெரியை மட்டும் மறுபடி அனுப்பினால் 25பி02, அதாவது டிரான்சாக்ஷன் ஏற்கெனவே கைவிடப்பட்டது என்று வரும். மூன்று முறை போதும். இடையில் 50 முதல் 200 மில்லி நொடி வரை ஒழுங்கற்ற இடைவெளி விடுங்கள், இல்லையெனில் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிவந்து மறுபடி மோதுவார்கள்.

லாக்_லாக்_வெயிட்ஸ் அமைப்பையும் இயக்கிவையுங்கள். டெட்லாக்_டைம்அவுட், அதாவது ஒரு நொடி, தாண்டிய ஒவ்வொரு காத்திருப்பும் லாக் ஃபைலில் ஏறும். டெட்லாக்காக முற்றும் முன்பே எந்த டேபிளில் நெரிசல் என்று தெரிந்துவிடும்.

பிளாக்கிங் பட்டியலில் பிஐடி 0 என்று வருகிறது. அப்படி ஒரு புராசஸே இல்லையே?

அது, இரண்டு சர்வர்களில் சேர்ந்து முடிக்கும் இரண்டு கட்ட கமிட்டில் பாதியில் நின்ற டிரான்சாக்ஷன். பிரிப்பேர் ஆகிவிட்டது, கமிட்டோ ரோல்பேக்கோ சொல்ல வேண்டிய மென்பொருள் மறைந்துவிட்டது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் இந்தப் பூட்டு போகாது. அதற்காகவே டிஸ்கில் எழுதப்பட்டது. பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ் வியூவில் அதன் அடையாளப் பெயரும் நேரமும் இருக்கும். மறுபக்கச் சர்வரில் அதே டிரான்சாக்ஷன் கமிட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே "கமிட் பிரிப்பேர்டு" அல்லது "ரோல்பேக் பிரிப்பேர்டு" சொல்லுங்கள். அவசரத்தில் தவறாகச் சொன்னால் இரண்டு பக்கக் கணக்கும் ஒட்டாது.

"அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி" வருகிறது; ரேம் தாராளமாக இருக்கிறதே?

இது ரேம் பற்றியதல்ல, பூட்டுகளை எழுதிவைக்கும் அட்டவணை நிரம்பியது பற்றியது. மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_டிரான்சாக்ஷன் இயல்பில் 64. அதை இணைப்பு வரம்பால் பெருக்குங்கள். 100 இணைப்பு என்றால் ஏறத்தாழ 6,400 வேறுவேறு பொருள்களுக்கான பூட்டுகள், எல்லோருக்கும் சேர்த்து. ஒரு டேபிளை நாளுக்கு ஒன்றாகப் பிரித்த 365 பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் மூன்று இண்டெக்ஸ் என்றால், தேதி நிபந்தனை இல்லாத ஒரே ஒரு செலக்ட் 1,460க்கு மேல் பூட்டு வாங்கும். அப்படிப் பிரித்த வேறுவேறு ஐந்து டேபிள்களில் ஒன்றாக ஓடினால் அட்டவணை தாங்காமல் போகலாம். 256 என உயர்த்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதன்மைச் சர்வரின் (பிரைமரி) நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை இருந்தால் அங்கே முதலில் உயர்த்துங்கள், அதன் மதிப்பு பிரைமரியைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. குவெரியில் தேதி நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள்.

ஆட்டோவேக்கியூம் தடுக்கிறது. கொல்லலாமா?

பழைய பதிவுக் குப்பையைத் தானாக அள்ளும் சாதாரண ஆட்டோவேக்கியூம், யாராவது காத்திருந்தால் தானே விலகிவிடும். விலகாமல் நின்றால், குவெரியின் முடிவில் "டு பிரிவென்ட் ராப்அரவுண்ட்" என்று இருக்கும். டிரான்சாக்ஷன் எண்ணின் வயது இயல்பில் 20 கோடியைத் தொட்டதால் ஓடுவது அது. கொன்றால் மறுபடி தொடங்கும். முடியவிடுங்கள், ஆல்டரைத் தள்ளிவையுங்கள்.

மற்ற டேட்டாபேஸ்களிலும் இதே எண்கள்தானா?

இல்லை, குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் 1205 என்றால் டெட்லாக். மைஎஸ்க்யூஎல்லில் அதே 1205 பூட்டுக் காத்திருப்பு நேரம் முடிந்தது என்பது. இன்னோடிபியில் அது இயல்பாக 50 நொடி, டெட்லாக்குக்கு 1213. மைஎஸ்க்யூஎல்லில் 1205 வந்தால் அந்தக் குவெரி மட்டும் ரத்தாகும், டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும், முன்பு வாங்கிய பூட்டுகளும் இருக்கும். செயலி தானே ரோல்பேக் சொல்ல வேண்டும். ஆரக்கிளில் ஓஆர்ஏ 00942 "டேபிள் இல்லை" என்று சொன்னாலும் அனுமதி இல்லாததால் இருக்கலாம். ரோல் வழியே வந்த அனுமதி, எழுதியவரின் அதிகாரத்தில் ஓடும் பிஎல்எஸ்க்யூஎல் புரொசீஜருக்குள் செல்லாது, நேரடி கிராண்ட் வேண்டும்.

சர்வர் எழவே மறுக்கிறது: "லாக் ஃபைல் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்". நீக்கிவிடலாமா?

இது டேபிள் பூட்டும் அல்ல, பதிவேடும் அல்ல. டேட்டா டைரக்டரியை ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்கள் தொடக்கூடாது என்பதற்கான காவல். கோப்பின் முதல் வரியில் ஒரு புராசஸ் எண் இருக்கும். பிஎஸ் கட்டளையில் அந்த எண்ணைத் தேடுங்கள். போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீக்காதீர்கள். சர்வர் ஏற்கெனவே எழுந்திருக்கிறது, முறையாக நிறுத்துங்கள். அந்த எண்ணில் சம்பந்தமில்லாத வேறு புராசஸ் இருந்து, போஸ்ட்கிரெஸ் புராசஸ் எதுவுமே ஓடவில்லை என்று உறுதியானால் மட்டும் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். டேட்டா டைரக்டரி நெட்வொர்க் டிஸ்கில் இருந்தால், அதை மவுண்ட் செய்திருக்கும் மற்ற இயந்திரங்களிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். இந்த இயந்திரத்தின் பிஎஸ் பட்டியலில் அங்கே ஓடும் புராசஸ் தெரியாது.